பாதி மலையில் நின்ற பஸ்

போன வருடம் கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் நடந்தது இது. ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழியில், காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. எங்கள் வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். மூன்று வருடமாக நான் ஒருத்திதான் இருக்கிறேன். அந்த வாரம் முழுக்க மழை. கதவைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்துவிடும். துவைத்த துணி காயவில்லை, உப்பு ஜாடிக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஒரு சாயங்காலம் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைப் போட்டேன். கீழே பெட்டியில் விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டேன், மறுபடியும் போட்டேன். என் முகம்தான் கறுப்பாகத் தெரிந்தது.

ஐந்தாவது வரைக்கும் படித்த கிழவிக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று தோன்றும். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில் ஏறி இறங்கியே அவருக்கு வயதாகிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு கையும் காலும் சும்மா இருக்காது. சோறு தின்னும்போதுகூட வலது கால் தரையை அமுக்கும். எங்கள் ஒரே மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, தான் காலேஜில் விளையாடிய கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுப் போனான். அதில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டு அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

"இதென்னடா, சின்னப் பசங்க ஆட்டம்" என்று முதல் நாள் சிரித்தார். மறுநாளிலிருந்து டீ குடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வெறுங்காலோடு வண்டி எடுக்க மாட்டாராம்.

அது ஏதோ வெளிநாட்டு மலை. ஆனாலும் எங்கள் மலை மாதிரியேதான் வளைவும் மரமும் பனியும். வழியில் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். நான் பின்னால் முக்காலி போட்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டே பார்ப்பேன். வளைவு வந்தால் முக்காலியைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏனுங்க, மெதுவாப் போங்க" என்பேன்.

"டிரைவர்கிட்ட பேச்சுக் குடுக்கப்படாதுன்னு எழுதியிருக்குதல்ல? சும்மா வா புள்ள" என்பார்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊர் சுற்றியது அந்தத் திரையில்தான்.

ஒரு நாள் பாதி மலையில், வளைவு தாண்டியதும் வண்டியை ஓரமாக ஒதுக்கினார். "நெஞ்சு கரிக்குது. கொஞ்சம் சுடுதண்ணி வெய்யி புள்ள" என்றார். அப்போதும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மகன் சொல்லிக் கொடுத்தபடி 'சேவ்' பட்டனை அமுக்கி, வண்டியை அதே இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தார். நான் சுடுதண்ணீர் கொண்டு வருவதற்குள் கட்டிலில் சாய்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, மகனும் திரும்பிப் போன பிறகு ஒரு சாயங்காலம் பயந்து பயந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், என்ட்டரை இரண்டு தரம் அமுக்க வேண்டும். அமுக்கினேன். வண்டி அங்கேயே நின்றிருந்தது. அதே வளைவு, அதே மரம். முன் கண்ணாடியில் துடைப்பான் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்தால் சீட்டில் ஆட்கள். முதல் சீட்டில் சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பொம்பளை, மடியில் பையை வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து தினமும் போடுவேன். வேறு எந்தப் பட்டனையும் தொட மாட்டேன். முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். கல்லறைக்குப் போனால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், பூ வைக்கிறேன், ஜெபம் சொல்கிறேன். ஆனால் அவர் அங்கே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றுதான் தோன்றும். இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். சிவப்புக் கோட்டுக்காரியோடு மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவதுண்டு.

திரை இருண்டதும் மகனுக்குப் போன் போட்டேன். விளக்கு எரியுதா, காத்தாடி சுத்துதா என்றெல்லாம் கேட்டான்.

"கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும்மா. படம் காட்டுறது அதுதான். பழைய மிஷினு, உடுங்க. நான் வர்றப்ப உங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கியாறேன். அதுல என்னம்மா இருக்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

படம் காட்டுவது அந்தக் கார்டு என்றால் வண்டியும் அந்தக் கார்டுக்குள்தானே இருக்கும்? அது போய்விட்டது என்றால்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இறந்த நாளிலாவது ஊரே கூடியிருந்தது. இதற்கு யாரிடம் போய் அழுவது?

மறுநாள் விடிந்ததும் பெட்டியின் வயர்களையெல்லாம் கழற்றினேன். எப்போதும்போல அதன்மேல் அவருடைய கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தது. அதோடே காபிச் சாக்கில் இறக்கிக் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன். காபிப் பழம் சுமந்த தலைதான், கனம் தெரியவில்லை. தனியாகச் சேலம் போய்ப் பல வருடமாகிறது. அவர் ஓட்டின பஸ்சில்தான் எப்போதும் போயிருக்கிறேன்.

ஏற்காட்டில் சேலம் பஸ் ஏறியதும் கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"என்னுங்கம்மா இது, காபிக்கொட்டையா? பின்னால போடுங்க."

"இல்லீங்க" என்றேன்.

"பின்ன என்ன, பலாப்பழமா?"

"கம்ப்யூட்டருங்க."

பஸ்சே திரும்பிப் பார்த்தது. "கம்ப்யூட்டரச் சாக்குல கட்டிக் கொண்டாந்த மொத ஆளு நீங்கதானுங்க!" என்று கண்டக்டர் சிரித்தார். ஆனால் அவரே முன் சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். வளைவுக்கு வளைவு பெட்டியை மடியோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். பாதி மலையில் ஒரு வளைவு வந்தது. அங்கேதான் என் வீட்டுக்காரர் வண்டி ஒரு தரம் பழுதாகி நின்றது. மாற்று பஸ் வர விடிந்துவிட்டது. ஆட்களைக் கண்டக்டர் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம், வரவில்லை. காலையில் குளிரில் உதடெல்லாம் வெடித்து வந்து நின்றவரிடம் நான் சண்டை போட்டேன். "ஏத்துன சனத்த எறக்கி உட்டுட்டுத்தான் ஊடு" என்றார். எங்கள் பஸ் அடிவாரம் வந்து வெயில் மேலே பட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சேலத்தில் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்ட கடை மாடியில் இருந்தது. உள்ளே ரிப்பேர் பார்ப்பது ஒரு பொம்பளை. நாற்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். பொம்பளையாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிரிண்டர் ரிப்பேருக்கு வந்த ஒரு பெரிய மனிதர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா சாக்கைப் பிரித்துச் சால்வையை எடுத்தார். பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். பிறகு விரலை விட்டு, பஞ்சு மாதிரி ஒரு உருண்டையை உருவி எடுத்தார். சால்வையின் நிறம்.

"ஏனுங்கம்மா, இதுக்குக் குளிருமுன்னு போர்த்தி உட்டீங்களா?"

"மழைங்க. எங்க ஊர்ல எல்லாம் ஈரம் பூத்துருமுங்க. டிவி, மெஷின் எல்லாத்தையும் நாங்க போர்த்தித்தான் வெப்போம்."

"சரி, ஓடும்போது எடுத்து உட்டுருவீங்கல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எடுத்ததில்லை. திரை மட்டும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவேன். அவருடைய சால்வை என்பதால் போர்த்தியிருப்பதே பார்க்க நன்றாக இருக்கும்.

பேப்பர் படித்தவர் எட்டிப் பார்த்தார். "காதுக்குக் குல்லா போடாம உட்டீங்களே!" என்றார். அந்தம்மா அவரை ஒரு முறை முறைத்தார். பேப்பருக்குள் முகம் போய்விட்டது.

"மூச்சு உட முடியாம வெந்து போச்சுங்கம்மா" என்று அந்தம்மா அந்தக் கார்டைக் கழற்றிக் காட்டினார். கார்டு என்றால் ரேஷன் கார்டு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். செங்கல் நீளத்துக்குப் பலகை, அதன்மேல் இரண்டு குட்டிக் காற்றாடி. விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல். காற்றாடி இரண்டும் கம்பளி நூலில் சிக்கிக் கிடந்தன. தூசியை ஊதினார், பென்சில் அழிக்கிற ரப்பரால் அந்தப் பல்லைத் தேய்த்து மறுபடி மாட்டிப் பார்த்தார். திரை இருட்டாகவே இருந்தது. நானே போர்த்தி, நானே கொன்றிருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்தால் தெரிந்துவிடும் என்று அப்படியே நின்றேன்.

"வேற கார்டுதான் போடோணும். இதே சைசுல எங்கிட்ட ஒண்ணு கழட்டி வெச்சது இருக்குது. நல்லா ஓடும். போட்டுரலாமா?"

நான் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டேன். "போட்டா... உள்ள இருக்கறது போயிருமுங்களா?"

"உள்ள என்ன இருக்குது? போட்டோவா?"

"ஒரு பஸ்சு நிக்குதுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே வேறு மூலையில் இருந்த ஒரு சின்னத் தகரப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "நீங்க வெச்சதெல்லாம் இதுக்குள்ள இருக்குதுங்க. இந்தக் கார்டு வெளிச்சம் மட்டுந்தான். ஊட்டுல பல்பு ஃபீஸ் போனா பாத்திரமெல்லாம் காணாமப் போயிருமா? வெச்சது வெச்ச எடத்துல இருட்டுல இருக்கும். அவ்வளவுதான்."

முழுசாக நம்பவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

புதுக் கார்டின் பல்லை அந்த நீளப் பள்ளத்தில் நேராக வைத்து இரண்டு கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். ஸ்குரு முடுக்கினார், ஒரு வயரைச் செருகினார், பட்டனைத் தட்டினார். திரை வெளுத்தது. மகன் வைத்திருந்த பச்சைப் படம் வந்தது. பேப்பர்காரர் கையைத் தட்டினார்.

"வெய்ட்டா ஏதாவது ஓட்டிப் பாத்தாத்தான் கார்டு தாங்குதான்னு தெரியும்" என்றார் அந்தம்மா. "உங்க பஸ்சையே எடுங்க, பாப்போம்."

என்ட்டரை இரண்டு தரம் அமுக்கினேன். கொஞ்ச நேரம் ஏதோ சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். வந்தது. வளைவு, மரம், பனி, ஆடுகிற துடைப்பான். சின்னக் கண்ணாடியில் சிவப்புக் கோட்டு. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தம்மா சந்தோஷமாக "அட, நம்ம மலையாட்டவே இருக்குது!" என்று சொல்லிக்கொண்டே வண்டி எடுக்கிற பட்டன் பக்கம் விரலை நீட்டினார்.

"தொடாதீங்க!"

என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அந்தம்மா கையை எடுத்துவிட்டார். நான் முகம் சிவந்து நின்றேன். பிறகு இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் நின்றபடியே சொல்லி முடித்தேன். யார் ஓட்டின வண்டி, எப்போது நிறுத்தினார், ஏன் எழுந்தார், எல்லாம்.

அந்தம்மா தன் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். "ஓட்ட வேண்டாமுங்க. நிக்கற வண்டியே போதும். இது ஓடிட்டே இருக்கட்டும், சூடு ஏறுதான்னு நான் பாத்துக்கறேன்" என்று கீழே டீ சொல்லி அனுப்பினார். அடிக்கடி கார்டுப் பக்கம் கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

பேப்பர்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். கேலி செய்த மனிதர் இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, அந்தச் சனமெல்லாம் அப்ப இருந்து வண்டியிலயேதான் உக்காந்திருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டு வருசமாவா?"

"ஆமாங்க" என்றேன். சொல்லும்போதுதான் அது என் காதில் விழுந்தது.

கிளம்பும்போது கேட்டதைக் கொடுத்தேன், நியாயமாகத்தான் கேட்டார். எந்த வயர் எந்த ஓட்டை என்று மறக்காமல் இருக்க வயருக்கும் ஓட்டைக்கும் ஒரே நிறப் பொட்டு ஒட்டிவிட்டார். பெட்டியைச் சாக்கில் இறக்கியதும் சால்வையை உதறி என் தோளில் போட்டார். "இனி இத நீங்க போர்த்திக்கங்க. அதுக்குக் குளிருனா நல்லதுங்க. நமக்குத்தான் ஆகாது."

மலை ஏறுகிற பஸ்சில் அதைப் போர்த்திக்கொண்டுதான் வந்தேன். இரண்டு வருடத்தில் அதை நான் ஒரு தரம்கூடப் போர்த்திக்கொண்டதில்லை. பஸ் அந்த வளைவில் திரும்பியது. "ரெண்டு வருசமாவா?" என்ற கேள்விதான் காதில் இருந்தது. உதடு வெடித்து வந்து நின்ற அவர் முகமும் கூடவே வந்தது. வளைவில் நிறுத்தி, அத்தனை பேரையும் மழையில் உட்கார வைத்திருக்கிறேன். அவர் பார்த்தால் என்ன சொல்லுவார்? எனக்கு அவரைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் அவரோ ஒரு வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர் இல்லை. போக நேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் பொட்டைப் பார்த்து வயரெல்லாம் மாட்டினேன். என்ட்டரை இரண்டு தரம் அமுக்கினேன். வழக்கமான முக்காலியை விட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். எந்தப் பட்டன் எதற்கு என்று பின்னாலிருந்து பார்த்துப் பார்த்தே தெரியும். ஆனாலும் ஹேண்ட் பிரேக்கை எடுக்கிற பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். எடுத்துவிட்டால் அவர் நிறுத்தின இடம் இனி இல்லை.

எடுத்தேன்.

வண்டி பின்னால் உருண்டது. அலறிக்கொண்டு முன்னால் விட்டேன். ஓரத்துக் கட்டையில் இடித்தேன், ஒரு மரத்தில் உரசினேன். "ஐயோ, கோவிச்சுக்காதீங்க சாமி" என்று சிவப்புக் கோட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஓட்டினால் டீ ஆறுவதற்குள் போய்விடுகிற தூரம், எனக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசி ஸ்டாண்டில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து இறங்கினார்கள். சிவப்புக் கோட்டுக்காரி கடைசியாக இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டு நடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பொம்மை என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். பட்டனை அமுக்கி, வண்டியை அங்கேயே வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தபோது, கம்ப்யூட்டரைச் சரி பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். "உங்கப்பா நிறுத்தின பஸ்ச ஓட்டிக் கொண்டுபோய் உட்டுட்டேன் கண்ணு." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"ஹேர்பின் பெண்டுல ஹாரன் அடிச்சீங்களாம்மா?"

மறந்துவிட்டேன் என்றேன். "அப்பா வைவாரு" என்றான். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

இப்போதும் சாயங்காலம் சில நாள் போட்டுப் பார்ப்பேன். காலி வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, துடைப்பான் ஆடுவதில்லை, கண்ணாடியில் யாரும் இல்லை. முன்னைவிட எனக்குத் தனிமைதான், அதை மறைப்பானேன்? ஆனால் வெளியே மழை பெய்கிறபோது அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால், அவர் எங்கேயும் பாதி வழியில் நிற்கவில்லை, வேலை முடிந்து போயிருக்கிறார் என்று மனது நம்புகிறது.